பைப் சாரின் திருத்தம்

முதலில் எலியேசர் பாட்டிலை வாளித் தண்ணீருக்குள் நிறுத்துகிறார். கழுத்தளவு தண்ணீர். அதன்மேல் ஈரத் துண்டு ஒன்றைப் போர்த்துகிறார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை மேற்கே பார்க்கத் திருப்பிப் போட்டு, சட்டைப்பையிலிருந்து பைப்பை எடுத்து, உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, அதன் குழிக்குள் ஊதுகிறார். சாம்பல் எதுவும் வருவதில்லை. போன தடவையே துடைத்து வைத்ததுதான். ஆனாலும் ஊதுவார்.

"ஃப்ரிட்ஜுல வச்சுத் தாரேனே அண்ணாச்சி" என்று தொடக்கத்தில் நான் கேட்டதுண்டு.

"வேண்டாம் மதினி. ஐஸாக்கிட்டா நாக்கு மரத்துப் போவும். பெறவு என்னத்தக் குடிச்சோம்னே தெரியாது. இதுக்கு நம்ம ஆத்துத் தண்ணிக் குளிர்ச்சி போதும். பைய ஆறட்டும்."

எலியேசர் குடிநீர் வாரியத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதை நெருங்குகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சனிக்கிழமை வெயில் சாய்ந்ததும் எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். என் கணவர் ராமசுப்பு இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வழக்கம் நிற்கவில்லை. வந்ததும் தெருவாசல் கதவு, மாடிப்படிக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைப்பார். எதிர்வீட்டு மாடியில் யாராவது நின்றால், "என்ன, தண்ணி வந்துட்டா?" என்று உரக்கக் கேட்பார். நான் கொடியில் காயும் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருப்பேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

தெருவில் அவருக்குப் பெயர் பைப் சார். குடிநீர்க் குழாய்க்காரர் என்பதால் அந்தப் பெயர் என்று பாதிப் பேரும், புகைக்கும் பைப்பால் வந்தது என்று மீதிப் பேரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ப்ரியா ஒருநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "பைப் சார் நீங்கதான? அடுப்படியில ஒழுகுது" என்றாள். எலியேசர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை, ஸ்டவுட் என்கிற கருப்பு பீர்ப் பாட்டிலைக் காட்டி என்னிடம் சொல்லிச் சிரித்தார். "நல்ல வேள, 'ஸ்டவுட் சார்'னு பேரு வைக்கல. அடுப்படியில என்னத்த எடுத்துட்டுப் போயிருப்பேனோ!"

கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் ரோட்டர்டாமிலிருந்து இரண்டு பைப் வாங்கி வந்து கொடுத்தாராம். ஒன்றை என் கணவரிடம் நீட்டியபடி எலியேசர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "பிடியும் வே. ஒத்தைக்குக் குடிச்சாக் கெட்ட பழக்கம். ரெண்டு பேரு குடிச்சாச் சங்கம்." வங்கியில் அதிகாரியாக இருந்த என் கணவர், வாழ்நாளில் பீடிகூடத் தொடாதவர், அன்று வாங்கி வாயில் வைத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. கெடுதல் என்று தெரிந்தே செய்கிறீர்களே என்றேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் என்று முடிவாயிற்று. அந்தக் கணக்கை இருவரும் மீறவில்லை. என் கணவர் போனதும் புகையால் அல்ல. தலைக்குள் ரத்தக் கசிவு.

எலியேசர் பைப்பில் புகையிலை அடைப்பதைக் கொஞ்சநேரம் வேடிக்கை பார்க்கலாம். வாரியத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் இறங்கும் மணல் தொட்டியை உதாரணம் சொல்வார். "அடியில லூசா இருக்கணும். மேல வர வர இறுக்கம். மணல் ஃபில்டர் மாதிரிதான். அடியில இறுக்கிட்டேன்னு வைங்க, இழுத்தா ஒண்ணும் வராது. வாய்தான் வலிக்கும்." அழுத்துவதற்கு ஒரு பழைய வால்விலிருந்து கழன்ற பித்தளைக் கம்பியை வைத்திருக்கிறார். தேய்ந்து தேய்ந்து பொன் போல மின்னும். தீக்குச்சியால்தான் பற்றவைப்பார். லைட்டர் ஆகாது, பெட்ரோல் வாசனையாம். முதல் குச்சியில் புகையிலை எழும்பிக்கொள்ளும். அதை அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சியைக் கிழிப்பார். பாதியில் அணைந்து போனால் பதற மாட்டார். வாயிலேயே வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

"அணைஞ்சு போச்சே அண்ணாச்சி."

"அணையட்டும். நமக்கு எங்க போணும்? பைய."

பைய என்பது அவருடைய சொல். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மெல்ல, நிதானமாக என்பதற்கு வேறு சொல்லே எங்களுக்குத் தெரியாது. ஆனால் எலியேசர் சொல்லும்போது அது ஏதோ இயந்திரத்தின் திருகைக் கால் சுற்று தளர்த்துவதுபோல இருக்கும். பஸ்ஸுக்கு ஓடுகிறவனிடமும் சொல்வார், தொட்டில் ஆட்டுகிறவளிடமும் சொல்வார். என் கணவரின் உடம்பை வண்டியில் ஏற்றியபோதும் தூக்கியவர்களிடம் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு எலியேசர் மட்டும் முன்னறையில் நின்றார். "மதினி, அவன் பைப்பத் தூக்கிப் போட்டுராதீங்க. சும்மா கிடந்தா காறிப் போவும். என் கையில குடுத்தாலும் மனசு கேக்காது உங்களுக்கு. இங்கனயே இருக்கட்டும். நான் சனிக்கிழமை வந்தா எடுத்துக் குடிச்சு, துடைச்சு வச்சிட்டுப் போறேன்" என்றார். அப்படித்தான் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை அவருடைய பைப், அடுத்த சனிக்கிழமை என் கணவருடையது. இரண்டுக்கும் ஒரே புகையிலைதான். இருந்தாலும் கட்டைக்குக் கட்டை வாசனை மாறும் என்கிறார். இருக்கலாம். என் கணவரின் பைப் புகையும் சனிக்கிழமைகளில் துணி மடிக்க எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது.

இனி பாட்டிலைப் பற்றி. எலியேசரின் ஒரே மகள் எப்சி. பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போனவள், அங்கே சிறிய அளவில் பீர் காய்ச்சும் ஓர் ஆலையில் இன்று தலைமைக் காய்ச்சுநர். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பீர் அல்ல. குடம் குடமாகக் குடிப்பதற்குமல்ல. முதலில் அவள் அனுப்பியது மஞ்சள் நிறத்தில், கொஞ்சம் கசப்பாக ஏதோ பழத்தோல் வாசனையோடு இருந்தது. அதற்கு ஏல் என்று பெயராம். என் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாட்டிலின் மேல் இருந்த ஏ, எல், ஈ என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் பார்த்தார்.

"என்ன வே, பாட்டில் நம்மள 'ஏலே'ன்னு கூப்புடுது?"

"ஏலே இல்ல வே, ஏல்."

"நம்ம ஊருக்கு வந்துட்டுல்லா, இனி ஏலேதான்."

அன்றிலிருந்து இந்த மாடியில் மஞ்சள் பாட்டிலுக்குப் பெயர் ஏலே. கருப்புப் பாட்டில் ஸ்டவுட். பார்லியைக் கருக்கும் அளவுக்கு வறுத்துக் காய்ச்சுகிற பீர் அது. ஊற்றினால் நல்ல டிகாக்ஷன் நிறம். மேலே காப்பி நுரை போலவே பழுப்பு நுரை நிற்கும். எப்சி அதில் ஒன்றைச் சேர்த்தாள். எங்கள் பக்கத்துக் கருப்பட்டி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எலியேசரின் மனைவி இன்பமணி ஏரலுக்குப் போய் நயமான கருப்பட்டி பார்த்து வாங்கி, மகள் காப்பியில் போட்டுக் குடிக்கட்டும் என்று அனுப்பிவைப்பாள். அவளுடைய தங்கை மகன் ரிச்சர்ட் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை வருவான். போகும்போது கருப்பட்டி கொண்டுபோவான், வரும்போது துணிக்கு நடுவே சுருட்டி நாலு சின்னப் பாட்டில் கொண்டுவருவான். அதற்கு மேல் கொண்டுவர அவனுக்குப் பயம். எலியேசருக்கு அந்த நாலே போதும். சனிக்கு ஒரு தம்ளர்தான் குடிப்பார். அதுவும் பைப் ஒருமுறை எரிந்து முடிகிற வரைக்கும் வரும்.

கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய அந்த ஸ்டவுட்டுக்கு எப்சி வைத்த பெயர் 'பைய'. பாட்டிலின் மேல் தமிழெழுத்திலேயே பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பெங்களூரில் வாங்குகிறவர்கள் அதைப் பையன் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். எப்சி திருத்துவதில்லை. முதல் பாட்டில் வந்த அன்று எலியேசர் அதை வாளிக்குள் வைக்காமல் மடியிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். "மதினி, நான் ஒருநாளும் இவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. இந்த ஒரு வார்த்தையத்தான் எடுத்திருக்கா" என்றார்.

குடிப்பது, புகைப்பது இரண்டும் எங்கள் மாடியில் நடப்பதற்குக் காரணம் இன்பமணி. பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சபையின் பெண்கள் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறாள். "எங்கன வேணும்னாலும் போயிக் குடிங்க. என் வீட்டுக்குள்ள அந்த வாசனை வரப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் காலிப் பாட்டில்களும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். பழைய பேப்பர் எடுக்க வரும் வன்னியராஜ் அவற்றைச் சாக்கில் போட்டுக்கொண்டே என்னை ஏறிட்டுப் பார்ப்பான். ஒருமுறை, "யக்கா, இந்த மாசம் கருப்பு பாட்டிலு கொறஞ்சிருக்கே, ஒடம்புக்கு ஆவலியா?" என்றான். எலியேசரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், புகை தொண்டையில் சிக்கும்வரை சிரித்தார்.

ஆனால் இன்பமணியின் கண்டிப்பு வாசனையோடு நிற்கவில்லை. எப்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம் அவள் சொல்லும் பதில் ஒன்றே. "ஃபுட் கம்பெனி. நம்ம கங்கைகொண்டான்ல இருக்குல்லா, அந்த மாதிரி பெரிய ஃபேக்டரி." எலியேசரும் தலையாட்டுவார். மூன்று வருஷம் முன்பு உறவில் ஒரு கல்யாணம். எப்சி வந்திருந்தாள். யாரோ ஒரு பெரியம்மா அவளிடமே நேராகக் கேட்டுவிட்டாள். எப்சி வாயைத் திறப்பதற்குள் இன்பமணி முந்திக்கொண்டு, "பிஸ்கட் கம்பெனி" என்றாள். எப்சி பந்தியில் உட்காராமல் அன்றைக்கே ரயிலேறிவிட்டாள். அதன்பிறகு மூன்று கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. என் கணவர் இறந்தபோதுகூடப் போனில்தான் அழுதாள்.

அப்பாவிடம் அவள் சொன்னது இது. "நான் என்ன வேல பாக்கேன்னு வெளிய சொல்ல முடியாத ஊருக்கு நான் எதுக்குப்பா வரணும்? பிஸ்கட் கம்பெனில வேல பாக்குற பிள்ளதான் அம்மாவுக்கு வேணும்னா, அங்கனயே யாரையாவது தத்து எடுத்துக்கச் சொல்லுங்க."

இதை எலியேசர் என்னிடம் சொன்ன அன்று தம்ளரில் பாதி மீந்துபோனது.

இந்த ஆவணி மாதம் பெங்களூரில் நடந்த ஒரு போட்டியில், நாடு முழுவதிலுமிருந்து வந்திருந்த சிறு ஆலைகளின் கருப்பு பீர்களில் 'பைய' முதலிடம் பெற்றது. ரிச்சர்ட் படம் அனுப்பினான். எப்சி ரப்பர் பூட்ஸோடு மேடையில் நிற்கிறாள். எலியேசர் அந்தப் படத்தை என்னிடம் காட்டிவிட்டு, "ஸ்தோத்திரக் காணிக்கை போடப் போறேன் மதினி" என்றார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வேலை கிடைத்தால், பேரன் பிறந்தால், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அவர்கள் ஓர் உறையில் காணிக்கை வைத்து, காரணத்தை மேலே எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைச் செயலர் அதை எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். சபை கடவுளுக்கு நன்றி சொல்லும். அப்படி வாசித்துவிட்டால் அதற்கு மேல் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எப்சி இனி வருவதும் வராததும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

உறையை மாடிக்கே கொண்டுவந்து காட்டினார். வரைபடத்துக்கு எழுத்துப் போட்ட கையல்லவா, அழகாகவே எழுதியிருந்தார். 'என் மகள் எப்சியின் ஸ்டவுட் தேசிய அளவில் முதல் பரிசு பெற்றதற்காக.'

"ஸ்டவுட்டுன்னா எல்லாருக்கும் புரியுமா அண்ணாச்சி?"

"புரியுதவங்களுக்குப் புரியட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நேரலை பார்த்தேன். இப்போது எல்லாச் சபைகளிலும் நேரலை வந்துவிட்டது. சபைச் செயலர் பெனோ, சுறுசுறுப்பான ஆள், உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டு வந்தார். எலியேசரின் உறையில் ஒரு நொடி தயங்கினார். பிறகு தெளிவாக வாசித்தார். "திரு. எலியேசர் குடும்பத்தார், மகள் எப்சி, ஸ்கவுட்டில் தேசிய அளவில் முதல் பரிசு பெற்றதற்காக."

திரையின் ஓரத்தில் எலியேசரின் வழுக்கைத் தலை தெரிந்தது. அது பாதி எழுந்தது. அப்படியே நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டது. பெனோ அதற்குள் யாருடைய முழங்கால் ஆபரேஷனுக்கோ போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை எலியேசர் பைப்பைச் சரியாக அடைக்கவில்லை. மூன்று தடவை அணைந்தது. மூன்று தடவையும் எரிச்சலோடு பற்றவைத்தார்.

"ஸ்கவுட்டாம் மதினி! முப்பத்திநாலு வயசுப் பிள்ளைக்கு! வெளிய வந்தா கைகுடுக்காவ. 'எப்சி சின்னதுலயே நல்லா ஓடுமே'ங்காவ. கூடாரம் போடுததுக்குப் பரிசா, கயித்துல முடிச்சுப் போடுததுக்கான்னு ஒருத்தரு கேக்காரு."

"பெனோகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'மாமா, ஸ்டவுட்டுன்னு ஒரு வார்த்த இருக்கதே எனக்குத் தெரியாது, நீங்கதான் அவசரத்துல தப்பா எழுதிட்டியன்னு திருத்தி வாசிச்சேன்'ங்கான். எனக்கு உபகாரம் பண்ணிருக்கானாம்."

"இன்பமணி என்ன சொல்லுதா?" என்று கேட்டேன்.

"அவளா? 'ஆண்டவரே அவன் கண்ண மாத்தி வாசிக்க வச்சிருக்காரு, விட்டுருங்க'ங்கா. வீட்டுல பாயசம் வேற!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். ஆனால் கொஞ்சநேரத்தில் பித்தளைக் கம்பியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே, "எப்சி போன் பண்ணா" என்றார். அவளும் நேரலை பார்த்திருக்கிறாள். கோபிக்கவில்லையாம். அமைதியாகக் கேட்டாளாம். "அப்பா, ஸ்டவுட்டுன்னு எதுக்கு எழுதுனீங்க? பீருன்னு எழுதிருந்தா யாராவது தப்பா வாசிக்க முடியுமா?"

எலியேசர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பொதிகைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது.

"வாஸ்தவந்தான மதினி? இன்பமணி பிஸ்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சா. நான் இங்கிலீசுக்குப் பின்னால ஒளிஞ்சேன். வால்வத் தொறக்கேன் தொறக்கேன்னு சொல்லிட்டு, கால் சுத்துத் தொறந்திருக்கேன்."

கிளம்பும்போது படியில் நின்று, "நாளைக்கு எந்திச்சு ஒரு திருத்தம் சொல்லப் போறேன். இன்பமணி, நான் எந்திச்சா அவளும் எந்திச்சு அந்தால வீட்டுக்குப் போயிருவாளாம். நீங்க வந்து பின்னால இருங்க மதினி. ராமசுப்பு இருந்தா வந்திருப்பான்" என்றார்.

போனேன். பெண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இன்பமணி. வெள்ளைச் சேலை, முக்காடு. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏன் வந்தாய் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து அறிவிப்பு நேரம் வந்தது. பெனோ தாளை விரித்தார். எலியேசர் எழுந்தார். இந்த முறை முழுதாக எழுந்தார்.

"ஐயா, ஒரு திருத்தம்."

அவர்கள் குருவானவரை ஐயர் என்பார்கள், நேரில் ஐயா. இளவயதுக் குருவானவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க சார்" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சபையின் தண்ணீர்த் தொட்டி விஷயமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"போன வாரம் வாசிச்சதுல தப்பு. தப்பு தம்பி பெனோ மேல இல்ல. நான் எழுதுன லெட்சணம் அப்படி. எம்மக எப்சி ஸ்கவுட்டுல இல்ல. அவ பெங்களூர்ல பீர் காய்ச்சுதா. கருப்பு பீர். பார்லில காய்ச்சுதது. அதுக்குத்தான் இந்தியாவிலயே முதல் பரிசு. அதுக்குத்தான் நான் காணிக்கை போட்டேன். பிரியமில்லன்னா உறையத் திருப்பித் தந்துருங்க. ஆனா திருத்தத்த மட்டும் எழுதிக்கிடுங்க."

யாரோ இருமினார்கள். குருவானவர் பெனோவைப் பார்த்தார். அப்போது பெண்கள் பக்கம் முன்வரிசையில் காது மந்தமான ஒரு கிழவி, கோவிலென்றும் பாராமல், பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கக் கேட்டாள். "என்னட்டீ சொல்லுதாவ எலியேசர்? பிள்ளைக்கு என்ன?"

பக்கத்தில் இருந்தவள் இன்பமணியைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள். இன்பமணி எழுந்தாள். வீட்டுக்குப் போகத்தான் எழுகிறாள் என்று நினைத்தேன். எலியேசரும் அப்படித்தான் நினைத்தார், அவர் முகம் சொன்னது. அவள் கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் பெஞ்சை விட்டு வெளியே வராமல், வகுப்பில் கடைசிப் பையனுக்குக் கேட்கும்படி பேசுகிற குரலில், கிழவியைப் பார்த்துச் சொன்னாள்.

"பீரு, சித்தி. கருப்பட்டி போட்டுக் காய்ச்சுத பீரு. எப்சி காய்ச்சுதா." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "கருப்பட்டி நான் வாங்கி அனுப்புனது."

"காப்பிக்குன்னுல்லா சொன்ன?"

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். மாசக் கணக்கா இவ்வளவு கருப்பட்டி ஒத்தப் பிள்ள காப்பிலயா போடும்? எனக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். குருவானவர் ஒரு முறை கூரையைப் பார்த்தார். பிறகு, "திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்து, வருகிற சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்தல்" என்று தாளை அவரே வாங்கி வாசிக்கத் தொடங்கினார். பெனோ உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் குருவானவர் எலியேசரிடம், "சார், இத உறையிலேயே எழுதியிருக்கலாமே" என்றது என் காதில் விழுந்தது. சிலர் வழக்கமாகக் கைகொடுக்கும் இடத்தில் நிற்காமல் போனார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் இதை அடுத்த கூட்டத்தில் கேட்காமல் விடப்போவதில்லை என்றார். ஒருவர் மட்டும் எலியேசரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இன்பமணி ஆட்டோ பிடித்து, எலியேசர் ஏறும்வரை காத்திருந்தாள்.

நேற்று சனிக்கிழமை. கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிவிட்டு, காலில் ஒட்டிய மண்ணோடு வந்தார். என் கணவரின் பைப்புக்கான வாரம். பாட்டிலை வாளியில் நிறுத்தி, துண்டைப் போர்த்தி, நிதானமாக அடைத்து, இரண்டு குச்சியில் பற்றவைத்தார். ஒருமுறைகூட அணையவில்லை. பாதிப் புகையில் எப்சியின் போன் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார்.

"நீங்க பேசுனதப் பாத்தேம்ப்பா. ஆனா அம்மா மைக்குலேருந்து தள்ளி நின்னதால பேசுனது வீடியோல கேக்கல. நிசமாவே அம்மாதான் சொன்னாளா?"

"அவதாம்மா."

"பீருன்னா?"

"பீருன்னுதான். ஒருதரமில்ல, ரெண்டுதரம்."

அந்தப் பக்கமிருந்து ஏதோ இயந்திரம் ஓடும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் மட்டும் வந்தன. எலியேசர் பைப்பை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் எப்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். சர்ச்சுக்கும் வாரேன். அம்மாட்ட கேளுங்க, வரும்போது பிஸ்கட் ஏதும் வாங்கிட்டு வரணுமான்னு."

"நீயே கேளு. அடி எனக்கு விழும்."

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு எலியேசர் மீதி இருந்ததைக் குடித்தார். அவசரப்படவில்லை. சாம்பலைத் தட்டி, கோழியிறகால் தண்டைத் துடைத்து, என் கணவரின் பைப்பை அதன் இடத்தில் வைத்தார். நான் வழக்கம்போலக் காலிப் பாட்டிலை எடுத்து வன்னியராஜின் சாக்கில் போடப் போனேன்.

"அது இருக்கட்டும் மதினி, தாங்க."

வாங்கி, குழாயடியில் அலசி, துண்டால் துடைத்தார். படியிறங்கித் தெருவுக்குப் போனார். நான் மாடிச் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்குகள் போட்டுவிட்டார்கள். பால்கடை முன்னால் ஆட்கள் நின்றார்கள். சபையைச் சேர்ந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்பாக எலியேசர் நின்றார். அக்குளில் இடுக்கியிருந்த பாட்டிலை எடுத்து, 'பைய' என்ற எழுத்து வெளியே தெரியும்படித் திருப்பி, மறுபடி இடுக்கிக்கொண்டு நடந்தார்.